உத்தரவாத அட்டையின் வரலாறு: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து

புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் மூன்றாவது மாதமே குளிர்விக்காமல் நின்றுவிடுகிறது. விற்ற கடைக்காரர் "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்கிறார். கட்டணமில்லா எண்ணில் பேசினால் ஒரு புகார் எண் கிடைக்கிறது, ஆள் வருவதில்லை. ஒரு வழியாக வந்தவரும் உதிரிபாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிப் போய்விடுகிறார். வாரங்கள் ஓடுகின்றன. உத்தரவாதக் காலமும் கூடவே ஓடுகிறது. தென்காசியிலும் குற்றாலத்திலும் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தச் சிறிய ஊரிலும் கேட்கக்கூடிய குறை இது.

இந்தக் குறையைப் பொருளின் தரத்தோடு மட்டும் முடிச்சுப் போட முடியாது. பொருளைச் செய்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தைக் கடக்கும் செலவும் அலைச்சலும் யார் தலையில் விழுகின்றன என்பதே இதன் அடிப்படை. கடந்த எண்பது ஆண்டுகளில் இந்தத் தூரம் எப்படி வளர்ந்தது, சட்டம் அதைக் குறைக்க என்ன செய்தது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

கல் கொத்திய காலம்

மின்சாரத்துக்கு முந்தைய சமையலறையில் இருந்தவை அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை. இவற்றுக்கும் பழுது உண்டு. அரைத்து அரைத்துக் கல்லின் சொரசொரப்பு மழுங்கிவிட்டால் மாவு நைசாக வராது. அப்போது உளியும் சுத்தியலுமாகக் கல் கொத்துபவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவரும் அப்படித்தான் வந்தார். ஆண்டில் மூன்று மாதம் சாரல் பெய்யும் இந்த மலையடிவாரத்தில் குடை தைப்பவருக்கும் வேலை இருந்தது.

இவர்கள் யாரும் அட்டை எழுதிக் கொடுத்ததில்லை. வேலை சரியில்லை என்றால் அடுத்த முறை அதே தெருவில் கூவும்போது முகம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டாயமே உத்தரவாதமாக இருந்தது. பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வந்தார், வீட்டார் அவரைத் தேடி அலையவில்லை.

மின்சாரமும் மோட்டாரும்

தென்காசிக்குத் தெற்கே, இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் சிற்றூர்களுக்கும் மின்கம்பிகள் சென்றன. முதலில் விளக்கும் பம்புசெட்டும், பிறகு விசிறியும் வானொலியும் வந்தன. சமையலறைக்குள் மின்சாரம் நுழைந்தது இவற்றுக்குப் பிறகுதான்.

கோயம்புத்தூரில் 1930-களிலேயே மின்மோட்டார் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தொழில் அறிவின் தொடர்ச்சியாக 1955-இல் பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிரைண்டர் என்பது அடிப்படையில் ஒரு கல், ஒரு மோட்டார், ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் மாற்றலாம். மோட்டார் எரிந்தால் கடைத்தெருவில் காயில் கட்டித் தருவார்கள். கல் மழுங்கினால் பழைய கல் கொத்துபவரே அதையும் கொத்தித் தருவார். தூரத்து ஊரில் செய்யப்பட்டாலும் பழுதுபார்க்கும் வேலை உள்ளூரிலேயே இருந்தது.

மிக்ஸியின் கதை நேரடியாகவே பழுதில் தொடங்குகிறது. 1963-இல் மும்பையில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஜெர்மனியில் செய்யப்பட்ட பிரவுன் மிக்ஸி கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய இந்தியாவில் அந்த நிறுவனத்துக்கு இடம் இல்லை. அவருடைய மனைவி மாதுரி, இந்தியச் சமையலுக்கு ஏற்ற ஒன்றை நீங்களே செய்துகொடுங்கள் என்றார். பழச்சாறும் மாவுக்கலவையும் அடிக்கச் செய்த மோட்டார், ஊறவைத்த உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் தாங்காது. அதிகத் திறனுள்ள மோட்டாரோடு அவர் உருவாக்கியதே சுமீத் மிக்ஸி. பழுதுபார்க்க ஆள் இல்லாத ஒரு வெளிநாட்டுப் பொருளின் மீது ஏற்பட்ட எரிச்சலிலிருந்து ஒரு தொழிலே பிறந்தது என்று இதைச் சொல்லலாம்.

1978-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ப்ரீத்தி மிக்ஸியின் விளம்பரத்தில் வந்த ‘ப்ரீத்திக்கு நான் கியாரண்டி’ என்ற தொடர் தமிழ்நாட்டில் பழமொழி போலவே பரவியது. அந்தத் தொடரில் உத்தரவாதம் தருவது ‘நான்’ என்று பேசும் ஒரு ஆள். அட்டையைவிட ஆளின் வாக்கை நம்பும் பழக்கம் மக்களிடம் இருந்ததை விளம்பரம் செய்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

சீர்வரிசையும் சந்தையும்

1991-இன் பொருளாதார மாற்றங்களுக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்களின் குளிர்பதனப் பெட்டிகளும் சலவை இயந்திரங்களும் குளிரூட்டிகளும் இந்தியச் சந்தையில் பெருகின. சாம்சங் 1995-இலும் எல்.ஜி. 1997-இலும் இந்தியாவுக்கு வந்தன. தவணைமுறை விற்பனை பரவியதால் சிறிய ஊர்களிலும் பெரிய மின்பொருள் கடைகள் திறக்கப்பட்டன. தென்காசி வட்டாரத்தில் இப்பொருள்கள் வீட்டுக்குள் வந்த முக்கியமான வழி திருமணச் சீர். கட்டில், பீரோவோடு கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று பட்டியல் நீண்டது. கடையநல்லூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் கொண்டுவந்த பொருள்களும் சேர்ந்துகொண்டன. ஒரு நாட்டில் வாங்கிய பொருளின் உத்தரவாதம் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள்தான் செல்லும் என்பது பொருள் கெட்ட பிறகே பலருக்குத் தெரிந்தது.

பொருளின் உள்ளமைப்பும் மாறியது. பழைய இயந்திரத்தில் கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய சுவிட்சும் கம்பியும் இருந்த இடத்தில் இப்போது ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. பலகை கெட்டால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும். அது நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும். வெளியாள் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அட்டை எச்சரிக்கிறது. கடைத்தெரு மெக்கானிக்கின் இடத்துக்கு நிறுவனத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்’ வந்தது. பல நிறுவனங்களுக்கு அந்த மையமும் உதிரிபாகக் கிடங்கும் திருநெல்வேலி, மதுரை போன்ற நகரங்களில்தான் இருந்தன. சேவை மையத்தை நடத்துபவரும் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரர். கடை, நிறுவனம், சேவை மையம் என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடிந்தது.

இந்த வட்டாரத்தின் இயற்கையும் அட்டையின் நிபந்தனைகளோடு மோதியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றாலச் சீசனில் சுவரும் துணியும் ஈரம் கோத்துக் கிடக்கும். மின்னணுப் பலகைக்கு ஈரம் பகை. எறும்பும் பல்லியும் உள்ளே புகுந்து மின்சுற்றைக் கெடுப்பதும் உண்டு. நுகர்வோருக்கு வழங்கும் 230 வோல்ட் மின்னழுத்தம் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. ஆனால் நீண்ட மின்பாதையின் கடைசியில் உள்ள கிராமங்களில் மாலை நேரத்தில் குழல்விளக்கு எரிய மறுப்பது பழகிப்போன காட்சி. 2012-இன் கடும் மின்வெட்டுக் காலத்தில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்று நின்று வந்தது. ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் வீட்டுப் பொருள்களாயின. பெரும்பாலான உத்தரவாத அட்டைகளோ மின்னழுத்த ஏற்ற இறக்கம், ஈரம், பூச்சி ஆகியவற்றால் வரும் பழுதுகளைப் பொறுப்பிலிருந்து விலக்கிவிடுகின்றன. மின்சாரத்தின் குறைக்கும் மழையின் குறைக்கும் வாங்கியவரே விலை கொடுக்கிறார்.

‘10 ஆண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதன் பொருளும் கவனிக்கத்தக்கது. அது வழக்கமாகக் கம்ப்ரசர் அல்லது மோட்டார் என்ற ஒரே உறுப்புக்கு உரியது. முழுப் பொருளுக்கும் பெரும்பாலும் ஓராண்டுதான். பத்தாண்டுக் காலத்திலும் கூலி, வாயு நிரப்புதல், வண்டிச்செலவு ஆகியவை தனி என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

அரசு வழங்கிய பொருள்களும் இந்த வரலாற்றில் அடங்கும். 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கப்பட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இவை சென்றன. பெண்களின் உடலுழைப்பை இவை குறைத்தது உண்மை. ஆனால் பயன்படுத்துபவர் பணம் கொடுத்து வாங்காத பொருள் என்பதால் அவர் கையில் பில் இல்லை, திரும்பிப் போய்க் கேட்க ஒரு கடையும் இல்லை.

‘வாரண்டி’ என்ற சொல்லின் எடை

அட்டையில் உள்ள சொல்லுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? இந்தியாவில் பொருள் விற்பனையை ஆளும் அடிப்படைச் சட்டம் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதற்கு முன் 1872-இன் ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கான பிரிவுகள் இருந்தன. வாங்குபவரே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பின்னணியில் இருந்த ஆங்கிலேய மரபு.

1930-இன் சட்டம் விற்பனை உறுதிமொழிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர்நாடியான உறுதி ‘நிபந்தனை’. அது மீறப்பட்டால் வாங்கியவர் பொருளையே வேண்டாம் என்று மறுக்கலாம். அதற்குத் துணையாக வரும் உறுதியே ‘வாரண்டி’. அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், பொருளை மறுக்க முடியாது. மக்கள் பத்திரமாகப் பீரோவில் வைக்கும் அட்டையின் பெயர், சட்டத்தில் இரண்டில் வலுக்குறைந்த சொல். இதற்கு மாறாக, விற்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சில வரம்புகளோடு அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு எழுதப்படாத நிபந்தனையாகவே வைக்கிறது. எந்த அட்டையும் இல்லாமலேயே இந்த உரிமை உண்டு. ஆனால் ஒரு மிக்ஸிக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துவார் யாரும் இல்லை. உரிமை ஏட்டில் இருந்தது, அதைக் கேட்க இடம் இல்லை.

தக்க சோதனையின்றி ஒரு பொருளுக்கு உத்தரவாதம் கொடுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று சொன்னது 1969-இன் முற்றுரிமைத் தடுப்புச் சட்டத்தில் 1984-இல் செய்யப்பட்ட திருத்தம். அதை விசாரிக்கும் ஆணையம் இருந்ததோ டெல்லியில்.

1986: மாவட்டத்துக்கு வந்த நீதி

1966-இல் மும்பையிலும் 1978-இல் அகமதாபாத்திலும் 1985-இல் சென்னையிலும் தொடங்கிய நுகர்வோர் அமைப்புகளின் உழைப்புக்குப் பின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்நாளே இன்று தேசிய நுகர்வோர் நாள். மாவட்டம்தோறும் ஒரு குறைதீர் மன்றம், மாநிலத்துக்கு ஓர் ஆணையம், நாட்டுக்கு ஓர் ஆணையம் என்ற மூன்றடுக்கு அமைப்பு உருவானது. வழக்கறிஞர் இல்லாமல் தானே முறையிடலாம். பழுதை நீக்குதல், புதிய பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு மன்றம் உத்தரவிடலாம்.

இச்சட்டத்தின் ஒரு வரையறை சீர்வரிசைப் பொருள்களுக்கு மிகவும் பொருந்தும். பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. பில் தந்தையின் பெயரில் இருந்தாலும் ஃபிரிட்ஜைப் பயன்படுத்தும் மகள் தன் பெயரிலேயே முறையிடலாம்.

வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற விலக்கும் உண்டு. குற்றாலத்தில் சீசனுக்காக அறைதோறும் கீசர் வாங்கிப் பொருத்தும் பெரிய விடுதி இந்த விலக்குக்குள் வரும். ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியவரை நுகர்வோராகவே கொள்ள வேண்டும் என்று 1993-இன் திருத்தம் தெளிவாக்கியது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதை விளக்கியது. வணிக நோக்கமா இல்லையா என்பதை ஒவ்வொரு வழக்கின் நிலைமையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. வீட்டில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு பெண்ணுக்கு இந்த விளக்கம் பெரிய பாதுகாப்பு. கிரைண்டர் நின்றால் அவருக்கு அன்றைய வருமானமே நின்றுவிடும்.

நடைமுறையில் தடைகள் இருந்தன. பழுது உற்பத்திக் குறைபாடு என்று காட்ட ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் அதற்கான கட்டணத்தை முறையீட்டாளரே முதலில் கட்ட வேண்டும். மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் சுஷீல் குமார் கப்கோத்ராவுக்கும் இடையிலான கார் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான முடிவைச் சொன்னது. பழுதான உறுப்பை மாற்றித் தருவதாக மட்டுமே உத்தரவாதம் சொன்னால், முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்பதே அது. ஒரே இயந்திரத்தை மூன்று, நான்கு முறை பழுதுபார்த்தும் புதியது தர நிறுவனங்கள் மறுப்பதற்குப் பின்னால் இத்தகைய வாசகங்கள் இருக்கின்றன.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்ன வழக்குகள் அந்தக் கெடுவைத் தாண்டிப் போயின. தலைவர், உறுப்பினர் பணியிடங்கள் நாடெங்கும் காலியாகக் கிடந்ததை 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

தூரமும் இருந்தது. தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதி. பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பேருந்தில் போய்த்தான் மாவட்ட மன்றத்தில் ஏற வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடியும் என்பது விதி. வெளியூரில் வாங்கிய பொருளுக்கு அந்த ஊருக்கே போக வேண்டியிருந்தது. இணையவழியில் வாங்கிய பொருளுக்கு எந்த ஊர் என்பதே வாதத்துக்குரியதாயிற்று.

2019-க்குப் பிறகு

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பெரிய மாற்றம் தூரத்தைப் பற்றியது. நுகர்வோர் தான் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே முறையிடலாம். இணையவழியாக முறையீட்டைப் பதிவு செய்யும் வசதி 2020 செப்டம்பரில் தொடங்கியது. காணொலி வழியே விசாரணைக்கு வரவும் அனுமதி கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டுப் பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் இந்த வரம்புக்குள் அடங்கும். பழுது தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

பில் தர மறுப்பதும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள் என்று இச்சட்டம் கூறுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் குறைபாடுள்ள பொருளுக்கு அது செல்லாது. கீசரில் மின்சாரம் தாக்கியோ மிக்ஸி வெடித்தோ காயம் ஏற்பட்டால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று தனி அத்தியாயமும் சேர்க்கப்பட்டது.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, நிறுவி இயக்க வேண்டிய வீட்டுப் பொருள்களுக்கு உத்தரவாதத்தை வாங்கிய நாளிலிருந்து கணக்கிடாமல் நிறுவிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று நிறுவனங்களுக்கும் தொழில் அமைப்புகளுக்கும் எழுதியது. முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, மறுவீடு எல்லாம் முடிந்து, தனிக்குடித்தனம் தொடங்கும்போது பெட்டியைப் பிரிக்கும் நம் வழக்கத்தில் ஓராண்டு உத்தரவாதத்தின் கணிசமான பகுதி அட்டைப்பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. அந்தக் கடிதம் தொட்டது இந்த இழப்பைத்தான்.

பழுதுபார்க்கும் உரிமை என்ற கருத்தும் இதோடு வளர்ந்துவருகிறது. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் சில மின்பொருள்களில் அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கான மதிப்பெண்ணை அச்சிடவைத்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் இதற்கான குழு அமைக்கப்பட்டு, அவ்வாண்டு நுகர்வோர் நாளில் இணையதளம் தொடங்கப்பட்டது. மின்பொருள்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் வழங்குவது பற்றி 2024-இல் அமைக்கப்பட்ட மற்றொரு குழு ஆராய்ந்தது. உதிரிபாகமும் கையேடும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இவற்றின் உள்ளடக்கம்.

எஞ்சியிருப்பது

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், நீதி கேட்கும் இடம் டெல்லியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கும் அங்கிருந்து வீட்டு வாசலுக்கும் நெருங்கி வந்திருக்கிறது. பழுதுபார்க்கும் இடமோ வீட்டு வாசலிலிருந்து கடைத்தெருவுக்கும் அங்கிருந்து வெளியூருக்கும் விலகிப் போயிருக்கிறது. முதல் மாற்றம் இரண்டாவதன் இழப்பை முழுமையாக ஈடுசெய்யாது. ஆணையத்தில் வெல்பவருக்கும் கிடைப்பது பணமும் தீர்ப்பும்தான். அதுவரை மாவு அரைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும்.

ஆகவே இன்றைய நிலையில் நுகர்வோர் கையில் இருக்கும் கருவிகள் எளியவை: தேதியிட்ட பில், நிறுவிய நாளைக் குறித்த சீட்டு, ஒவ்வொரு புகாரின் எண், வந்த பணியாளர் எழுதிய வேலைச் சீட்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். வாங்கும் முன் விலையையும் நட்சத்திரக் குறியையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்ப்பதோடு, இதன் சேவை மையம் எந்த ஊரில் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுவதும் நல்லது. கல் கொத்துபவர் தெருவுக்கு வந்த காலத்தில் யாருக்கும் தேவைப்படாத கேள்வி அது.